1972 டாட்சன் 240இசட், எல்28 மாற்றிய வண்டி: 42,000 டாலர் தகுமா?

வளைகுடாவாசி

வணக்கம். ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு 1972 டாட்சன் 240இசட் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஆரஞ்சு நிறம், படத்தில் அள்ளுகிறது. சொந்த எல்24 இன்ஜினுக்குப் பதிலாக, பிற்கால இசட் வண்டிகளில் வந்த எல்28 இன்ஜினை வைத்திருக்கிறார்கள். 42,000 டாலர் கேட்கிறார்கள். விளம்பரத்தின் சாரம் இது:

280இசட்எக்ஸின் எஃப்54 பிளாக், என்42 ஹெட், பெரிய கேம், மூன்று வெபர் 40 கார்பரேட்டர், 5 கியர் பாக்ஸ், ஆர்200 டிஃபரன்ஷியல், காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), இசட்ஜி ஃபிளேர் (சக்கர வளைவின் மேல் மாட்டும் அகலப் பட்டை), அகலமான 15 அங்குல வீல், பிஆர்ஈ (அக்கால டாட்சன் பந்தய அணி) பாணி முன் ஸ்பாய்லர். 230 குதிரைத்திறன். அடியில் புதிதாக அண்டர்கோட்டிங். எப்போதும் கலிஃபோர்னியாவிலேயே இருந்த வண்டி. பாகங்களுக்கு மட்டும் 31,000 டாலர் ரசீது கையில் உண்டு. ஒரிஜினல் எல்24 இன்ஜினும் கூடவே வரும்.

எனக்கு வார இறுதியில் மலைப்பாதையில் ஓட்ட வேண்டும், எப்போதாவது டிராக் பக்கம் போக வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பார்க்கிற ஆசை இல்லை. கை படாத வண்டிக்கு விலை நிலவரம் தேடினால் கிடைக்கிறது. இப்படி மாற்றிய வண்டிக்கு எப்படிக் கணக்குப் போடுவது? விற்பவரோ 2020 ஜனவரியில் ஒரு 1971 வண்டி இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்குப் போனதைச் சொல்லி, தான் கேட்பது கொசுறு விலை என்கிறார்.

பழைய இரும்பு

அந்த 3,10,000 பேச்சை முதலில் ஒதுக்குங்கள். அது மிகக் குறைவாக ஓடி, தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருந்த வண்டி. இது ஹெட் முதல் டிஃபரன்ஷியல் வரை எல்லாம் மாறியது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பெயர் மட்டும்தான்.

ரசீது விஷயமும் அப்படித்தான். திரைச்சீலை வாங்கிய ரசீதைக் காட்டி வீட்டு விலையை ஏற்ற முடியுமா? அவர் ரசனைக்கு அவர் செலவு செய்தார். உங்கள் ரசனைக்கு நீங்கள் மறுபடியும் செலவு செய்யத்தான் போகிறீர்கள்.

கிரீஸ்கை

தம்பி, இன்ஜின், கார்பரேட்டர் எல்லாம் அப்புறம். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். இன்ஜின் கெட்டால் இன்னொரு எல்28 கிடைக்கும். ஷெல், அதாவது அந்தப் பாடி, கெட்டால் வண்டியே போச்சு.

அதனால் மாற்றிய வண்டி எது வந்தாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். செய்த மாற்றம் ஸ்பேனரால் கழற்றக்கூடியதா, இல்லை வெட்டி வெல்டு வைத்ததா? கழற்றக்கூடியது மட்டமாக இருந்தால் கழற்றி வீசிவிடலாம், நட்டம் கொஞ்சம்தான். வெட்டு வேலை மட்டம் என்றால் அதன் விலை பாகத்தின் விலை அல்ல, ஷெல்லின் விலை. உங்கள் விளம்பரத்தில் கார்பரேட்டர், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஸ்பாய்லர் எல்லாம் முதல் வகை. காயில்ஓவரும் ஃபிளேரும் இரண்டாம் வகை. உங்கள் 42,000 இந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஃபிளேரைச் சொல்கிறேன். பின் சக்கர வளைவில் வெளித்தகடும் உள்தகடும் விளிம்பில் சேர்ந்து ஸ்பாட் வெல்டு ஆகியிருக்கும். அகல டயர் உரசாமல் இருக்க அந்த விளிம்பை வெட்டி எடுப்பார்கள். வெட்டியதும் இரண்டு தகடும் பிரிந்து நடுவில் இடைவெளி வரும். நல்ல ஆள் என்றால் உள்தகட்டைப் பிளந்து மடக்கி, வெளித்தகட்டோடு சேர்த்துச் சுற்றிலும் வெல்டு வைத்து, சீலர் பூசுவான். அவசரக்காரன் அப்படியே விட்டு மேலே ஃபிளேரைத் திருகிவிடுவான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே மழைத்தண்ணீரும் மண்ணும் போய் உட்கார்ந்து ஓரிரு மழைக்காலத்தில் முழுப் பக்கவாட்டையும் தின்றுவிடும். அந்தத் தகடு உடம்புக்குப் பலம் கொடுப்பது வேறு. டயருக்கு மேலே கையை விட்டு விளிம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். விரல் நுழையும் சந்து இருந்தால் வெல்டு இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய தகடு கையைக் கிழிக்கும்.

அடுத்து காயில்ஓவர். இந்த எஸ்30 பாடியில் (240இசட்டின் தொழிற்சாலைப் பெயர்) முன் ஸ்ட்ரட் குழாயும் சக்கரம் மாட்டும் அச்சும் ஒரே துண்டு. பழைய குழாயை வைத்துக்கொண்டு உயரம் குறைக்க வேண்டுமானால் அதை வெட்டித்தான் ஒட்ட வேண்டும். சக்கரத்தைத் தாங்குவது அந்த ஒரு வெல்டிங் வளையம்தான். யார் வெல்டு வைத்தது என்று கேளுங்கள். வளையம் ஒரே சீராக இருக்கிறதா, மேலே பெயின்ட் தடிப்பாக அப்பி மறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெட்டாமல் மாட்டுகிற முழு செட்டும் இப்போது கிடைக்கிறது. அதுவாக இருந்தால் கவலை பாதி குறையும்.

கீழே படுத்தது படுத்தீர்கள், டென்ஷன் ராடின் புஷ்ஷையும் பாருங்கள். முன் சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து நிறுத்தும் கம்பி அது. கம்பி மாட்டும் இடத்தின் இரண்டு பக்கமும் கெட்டி யூரித்தேன் புஷ் போட்டிருந்தால் கம்பி அசைய வழியில்லாமல் வளைந்து வளைந்து கடைசியில் முறியும். பிரேக் அடிக்கும்போதுதான் முறியும்.

துருவுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள்: பேட்டரித் தட்டும் அதன் பின்னால் இருக்கும் தகடும். தரை. தரைக்கு அடியில் ஓடும் ஃபிரேம் ரெயில். கதவுக்குப் பின்னால், பின் சக்கர வளைவு தொடங்கும் கீழ்மூலை. ஸ்டெப்னி குழி. டிக்கிக் கதவு வந்து மூடும் தகடு. முன் மட்கார்டின் கீழ்ப்பகுதி. காந்தம் கொண்டு போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி போட்டிருக்கிறது. ரெயிலில் ஒரு தந்திரம் உண்டு: இற்றுப்போன பழைய ரெயிலை எடுக்காமல் மேலேயே புதுத் தகட்டால் மூடி வெல்டு வைப்பார்கள். படத்துக்கு நேர்த்தியாக இருக்கும், உள்ளே பழைய துரு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும்.

"புதிதாக அண்டர்கோட்டிங்" என்ற வரியைப் படித்ததும் என் கை அரித்தது, துருவை மறைக்க வசதியான பூச்சு அது. பூசுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். இவ்வளவு ரசீது பத்திரமாக வைத்திருப்பவர் அதையும் வைத்திருக்க வேண்டும்.

கார்பரேட்டர் காதலன்

கிரீஸ்கை அண்ணன் சொன்ன பிறகு ஷெல் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. இன்ஜின் பக்கம் வருகிறேன்.

முதலில் அந்த 230. ஒரிஜினல் எல்24க்கு அன்று விளம்பரத்தில் போட்டது 151 குதிரை, அதுவும் அந்தக் காலத்து கிராஸ் கணக்கு (இன்ஜினைத் தனியாக வைத்து அளப்பது). நல்ல கேம், மூன்று வெபர், சரியான ஹெட் வேலை இருந்தால் எல்28 200ஐத் தாண்டும், பொய்யில்லை. ஆனால் டைனோ (குதிரைத்திறனை அளக்கும் கருவி) தாள் இல்லாத 230 வெறும் வாய்ச்சொல். கேளுங்கள், இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

டர்போ இல்லாத எஃப்54 பிளாக்கில் தட்டையான பிஸ்டன் இருக்கும். அதன்மேல் என்42 ஹெட்டை வைத்தால் கம்ப்ரஷன் சுமார் 10:1 வரை போகும். கலிஃபோர்னியா பங்கில் கிடைக்கும் உயர்ந்த பெட்ரோல் பொதுவாக 91 ஆக்டேன்தான், அந்த கம்ப்ரஷனுக்கு அது போதாமல் போகலாம். வெயில் நாளில், மேட்டில், 4ஆவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக் கேளுங்கள். கண்ணாடிக்கோலி உருளுவது போலச் சத்தம் வந்தால் பிஸ்டன் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி அதைச் சமாளித்திருந்தால் 230ம் கூடவே போயிருக்கும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ச் சேருங்கள். போகும்போதே சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆறவிட்டு வாருங்கள். மூன்று வெபர் காலையில் கொஞ்சம் இருமும், அது இயல்பு. ஆனால் சூடான பிறகும் லேசான ஆக்சிலேட்டரில் கார்பரேட்டர் வழியே பட் பட் என்று திருப்பி அடித்தால் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) சரியில்லை. அதைச் சரிசெய்யலாம், ஆனால் வெபர் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆள் இலவசமாக வர மாட்டார்.

வால்வ் கவரைத் திறக்கச் சம்மதிக்கிறாரா பாருங்கள். சில போல்ட்தான். எல் வகை இன்ஜினில் கேம் மாற்றினால் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் சிறு பேடின் தடிமனையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அப்போதுதான் கேம் ராக்கரின் நடுவில் தேய்க்கும். ராக்கர் முகத்தில் தேய்மானத் தடம் ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் கேம் சீக்கிரம் போய்விடும். கேமில் கீறலோ குழியோ தெரிந்தால் அதை உங்கள் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

5 கியர் பாக்ஸில் ஒன்று: கிளட்ச் பிரஷர் பிளேட்டுக்கும் ரிலீஸ் பேரிங் காலருக்கும் உயரம் பொருந்த வேண்டும். வேறு வேறு வண்டியிலிருந்து எடுத்துக் கலந்தால் கிளட்ச் முழுதாக விடாது, இல்லையென்றால் வழுக்கும். ரிவர்ஸ் போடும்போது கரகர என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஞாயிறு டிரைவர்

ஜன்னலை இறக்கி ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலும் புகையும் நாறினால் டிக்கி ரப்பர், பின் லைட் கேஸ்கெட், டேங்க்கின் காற்றுக்குழாய் மூன்றில் ஒன்று போயிருக்கும். இந்த வண்டிகளில் பழைய வியாதி அது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் தலைவலி என்று சொன்ன பிறகுதான் நான் ரப்பரை மாற்றினேன்.

வயரிங்கையும் விடாதீர்கள். 240இசட்டில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ரிலே இல்லாமல் சுவிட்ச் வழியே போகும், ஃபியூஸ் பெட்டி சூடாகி உருகும். ரிலே வைத்து, 280இசட்எக்ஸ் ஆல்டர்னேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் மாற்றியிருந்தால் அது நல்ல மாற்றம். அதற்குக் கொஞ்சம் கூடவே கொடுக்கலாம்.

தாள்புலி

நான் படங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பர் பிளேட் வெள்ளை, 8இல் தொடங்கும் ஏழு எழுத்து. கலிஃபோர்னியாவில் பிளேட் வண்டியோடுதான் போகும், உரிமையாளர் மாறினாலும் மாறாது. 1972இல் இங்கே புதிதாக விற்ற காருக்கு நீலப் பலகையில் மஞ்சள் எழுத்து, மூன்று எண்ணும் மூன்று எழுத்தும் இருந்திருக்கும். 8இல் தொடங்கும் வரிசை 2010களின் பிற்பகுதிக்கு முன் இல்லை. ஆக இந்த வண்டி அண்மைக் காலத்தில் புதிதாகப் பதிவாகியிருக்கிறது. பழைய பிளேட் தொலைந்திருக்கலாம், யாராவது சொந்தப் பெயர் போட்ட பிளேட் வைத்திருந்து கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். வேறு மாநிலத்திலிருந்தும் வந்திருக்கலாம். "எப்போதும் கலிஃபோர்னியா" என்பதற்குப் பழைய பதிவுச் சீட்டு ஒன்றாவது காட்டச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடும் மாநிலத்தில் இருந்தது என்றால் கிரீஸ்கை சொன்ன பட்டியலை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

எண்கள்: அமெரிக்காவில் விற்ற 240இசட்டின் எண் எச்எல்எஸ்30 என்று தொடங்கும். டேஷ்போர்டில் கண்ணாடிக்குக் கீழே ஒரு தகடு, பானெட்டைத் திறந்தால் பின்சுவரில் பொறித்தது, கதவுத் தூணில் உற்பத்தி மாதத்தோடு ஒன்று. மூன்றும் உரிமைச் சீட்டும் ஒத்துப்போக வேண்டும். பின்சுவர் எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜின் அறைத் தகட்டில் இன்ஜின் எண்ணும் இருக்கும். கூட வரும் எல்24 பிளாக்கில் பொறித்த எண் அதோடு பொருந்தினால்தான் அது இந்த வண்டியின் "ஒரிஜினல்". பொருந்தாவிட்டால் அது வெறும் ஒரு எல்24.

பழைய இரும்பு

பொருந்தினாலும் பின் வளைவை வெட்டிய 240இசட்டை யாரும் இனி ஒரிஜினலாக்கப் போவதில்லை. எல்24ஐ ஸ்டாண்டில் வைத்து அழகு பார்க்கலாம். என்னைக் கேட்டால் 20,000 டாலருக்கு மேல் ஒரு காசு கொடுக்க மாட்டேன்.

கார்பரேட்டர் காதலன்

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். இசட் வண்டியின் பெயரை அமெரிக்காவில் நிறுத்தியதே மாற்றிய வண்டிகள்தான். பீட்டர் பிராக்கின் பிஆர்ஈ அணிக்காக ஜான் மார்ட்டன் ஓட்டி 1970, 1971 இரண்டு ஆண்டும் எஸ்சிசிஏ (அமெரிக்க கார் பந்தயச் சங்கம்) சி ப்ரொடக்ஷன் பிரிவில் தேசியப் பட்டம் வாங்கினார். டாட்சனைச் செய்த நிஸானே 1971இல் ஜப்பானில் நீள மூக்கும் ஒட்டு ஃபிளேரும் வைத்து 240இசட்ஜி விற்றது. அந்தக் காலத்து முறையில் செய்த மாற்றத்துக்குத் தனி வாங்குபவர்கள் உண்டு. ஓட்டுவதற்கு வாங்குகிறவருக்கு, ஒழுங்காகச் செய்த எல்28ம் 5 கியரும் இருக்கும் வண்டி சாதா வண்டியைவிட இனிமையாகவே இருக்கும். கேட்கிறவரும் ஓட்டத்தானே கேட்கிறார்?

பழைய இரும்பு

"ஒழுங்காகச் செய்த" என்பதை அடிக்கோடு இடுங்கள். பிஆர்ஈ ஆட்கள் செய்தது வேறு, வீட்டு ஷெட்டில் சனிக்கிழமை மாலை கிரைண்டர் பிடித்தது வேறு.

கிரீஸ்கை

சண்டை வேண்டாம், வண்டியைப் பார்த்த பிறகு போட்டுக்கொள்ளலாம். தம்பி, லிஃப்ட் உள்ள கடை ஒன்றில் ஒரு மணி நேரம் பேசி வையுங்கள். விற்பவர் லிஃப்ட்டில் ஏற்ற மறுத்தால் அதுவே பதில்.

வளைகுடாவாசி

பார்த்துவிட்டு வந்தேன். விற்பவர் மரியாதையான மனிதர், லிஃப்ட்டுக்கும் ஒப்புக்கொண்டார், வால்வ் கவரையும் அவரே திறந்தார். கண்டதை எழுதுகிறேன்.

மூன்று எண்களும் சீட்டோடு ஒத்துப்போகின்றன. எல்24 எண்ணும் தகட்டோடு பொருந்துகிறது, இது எனக்கே ஆச்சரியம். கம்ப்ரஷன் ஆறு சிலிண்டரிலும் 170க்கும் 180 பிஎஸ்ஐக்கும் நடுவில், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. ராக்கரில் தடம் நடுவில்தான் இருக்கிறது. மேட்டில் கோலிச் சத்தம் கேட்கவில்லை. டைனோ தாள் இல்லை. காயில்ஓவர் வெட்டி ஒட்டியதுதான், ஆனால் கடைக்காரர் வெல்டிங்கைப் பார்த்து நல்ல கை என்றார். டென்ஷன் ராடில் ஒரு பக்கம் மட்டும் யூரித்தேன்.

கெட்டது: வலது பின் வளைவில் பாதி தூரம் விரல் உள்ளே போகிறது. இடது பக்கம் வெல்டு இருக்கிறது. இரண்டையும் வேறு வேறு ஆட்கள் செய்தார்களோ என்னவோ. இரண்டு ஃபிரேம் ரெயிலும் மூடி வெல்டு வைத்தவை. கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரால் தட்டியபோது ஓட்டுநர் பக்கம் உள்ளே பொருபொரு என்று துரு உதிரும் சத்தம் கேட்டது. அண்டர்கோட்டிங்குக்கு முந்தைய படம் இல்லையாம். பழைய பதிவுச் சீட்டு கேட்டேன். முந்தைய உரிமையாளர் மிச்சிகனிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர் என்று அப்போதுதான் சொன்னார். தனக்கு விற்றவர் சொன்னதைத்தான் விளம்பரத்தில் எழுதினாராம்.

தாள்புலி

மிச்சிகன். உப்பு.

கிரீஸ்கை

சரி, இப்போது கணக்குப் போடலாம். இன்ஜின் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ரெயில் இரண்டையும் எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். அதற்குத் தரையையும் கொஞ்சம் திறக்க வேண்டி வரும். திறந்தால் இன்னும் என்னென்ன தெரியும் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. வலது வளைவை வெட்டி ஒட்டி, அந்தப் பக்கம் முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த ஆரஞ்சை ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருத்துவது லேசான காரியம் இல்லை. என் அனுபவத்தில் இந்த டிங்கரிங் வேலை 10,000 டாலரைத் தாண்டும். எதிர்பாராததற்கு ஒரு 3,000 ஒதுக்குங்கள்.

வேலை எல்லாம் முடிந்த நல்ல ஓட்டு வண்டியாக இது இருந்தால் நான் 38,000 என்பேன். இப்போது இருக்கிற நிலையில் 25,000. வண்டி மனசுக்குப் பிடித்துவிட்டது என்றால் 27. அதற்கு மேல் போனால் அவருடைய ரசீதுக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

கார்பரேட்டர் காதலன்

பொருந்துகிற எல்24க்கு ஏதாவது கூட்ட வேண்டாமா அண்ணே? நான் 29 வரை போவேன்.

கிரீஸ்கை

27லேயே அது இருக்கிறது. எண் பொருந்தாவிட்டால் 25ஐத் தாண்டியிருக்க மாட்டேன்.

வளைகுடாவாசி

27,000 சொன்னேன், ரெயில் படத்தையும் காட்டினேன். கோபப்படவில்லை, ஆனால் 36க்குக் கீழே வர முடியாது என்றார். கைகுலுக்கிவிட்டு வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக விரலை விட்டுப் பார்க்கச் சொன்னவருக்கு.

இன்னொன்று கண்ணில் பட்டிருக்கிறது: சாக்ரமென்டோவில் ஒரு 1976 280இசட், துரு இல்லை என்கிறார், 280இசட்எக்ஸ் டர்போ இன்ஜின் மாற்றியது, 19,000 டாலர். படத்தில் அடிப்பகுதி சுத்தமாக இருக்கிறது. பார்க்கப் போகலாமா?

தாள்புலி

போவதற்கு முன் ஒன்று. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குத்தான் ஸ்மாக் (புகை மாசு) சோதனை விலக்கு. உங்கள் பழைய 1972க்கு அந்தத் தலைவலி இல்லை, அதனால் யாரும் இதைப் பேசவில்லை. 1976க்கு உண்டு. மாற்றிய இன்ஜின் வண்டியின் ஆண்டுக்கு இணையாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும். டர்போ இன்ஜின் 1981 அல்லது அதற்குப் பிந்தியது, அந்த வரையில் சரி. ஆனால் அந்த இன்ஜினோடு வந்த ஆக்ஸிஜன் சென்சார், கேடலிடிக் கன்வர்ட்டர் உட்பட எல்லா மாசுக்கட்டுப்பாட்டுப் பாகமும் இந்த வண்டியில் இருந்தாக வேண்டும். அரசு ரெஃப்ரீ (மாற்றிய வண்டிகளைச் சோதிப்பவர்) பார்த்து ஒப்புதல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். விற்பவரிடம் அந்த ஸ்டிக்கரின் படத்தையும் கடைசி ஸ்மாக் சான்றிதழையும் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்கு மாற்றும்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பெட்ரோல் செலவு செய்து சாக்ரமென்டோ போகாதீர்கள்.